கப்பல் நிற்கும் ஒரு பகல்: கங்காரு தீவு பற்றி வாசகர் கேள்விகள்

ஆஸ்திரேலியாவின் தென்கரையில் செல்லும் சொகுசுக் கப்பல்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது கங்காரு தீவை ஒரே ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கேட்டவை. எனவே இம்முறை கேள்வி–பதில் பகுதி முழுவதையும் அந்தத் தீவுக்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே பொருளில் வந்த கடிதங்களை ஒன்றாகச் சேர்த்தும், நீண்ட கடிதங்களைச் சுருக்கியும் தந்திருக்கிறோம். கேட்டவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: மெல்பர்னில் வேலை பார்க்கும் மகள் என்னையும் என் கணவரையும் கப்பலில் அழைத்துச் செல்கிறாள். காலை 8 மணிக்குக் கங்காரு தீவின் பென்னஷா என்ற ஊருக்கு எதிரே கப்பல் நங்கூரமிட்டு, மாலை 5 மணிக்குப் புறப்படும் என்று பயணத் திட்டத்தில் இருக்கிறது. கடல் சிங்கம், கோலா, கங்காரு, ரிமார்க்கபிள் ராக்ஸ் பாறைகள் ஆகிய அனைத்தையும் இந்த ஒன்பது மணி நேரத்தில் பார்த்துவிடலாமா? "தீவுதானே, சுற்றிவிடலாம்" என்கிறார் என் கணவர்.

உங்கள் கணவர் சொன்ன "தீவுதானே" என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது, அம்மா. தாஸ்மேனியா, மெல்வில் தீவு ஆகிய இரண்டுக்கும் அடுத்தபடியாக ஆஸ்திரேலியாவின் மூன்றாவது பெரிய தீவு இது. பரப்பு ஏறத்தாழ 4,400 சதுர கிலோமீட்டர். கிழக்கு முனையிலிருந்து மேற்கு முனைவரை ஏறத்தாழ 150 கிலோமீட்டர் நீளம். நீங்கள் இறங்கும் பென்னஷா கிழக்குக் கோடியில் இருக்கிறது. படங்களில் பார்த்து ஆசைப்பட்ட ரிமார்க்கபிள் ராக்ஸ் பாறைகளோ மேற்குக் கோடியில், ஃபிளிண்டர்ஸ் சேஸ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன. ஒரு வழிக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்ட வேண்டும்.

அடுத்தது உங்கள் ஒன்பது மணி நேரம். பென்னஷாவில் பெரிய கப்பல்கள் ஒட்டி நிற்கும் அளவுக்குத் துறைமேடை கிடையாது. கப்பல் கடலிலேயே நிற்க, டெண்டர் என்று சொல்லப்படும் சிறு படகுகளில்தான் பயணிகளைக் கரை சேர்ப்பார்கள். எட்டு மணிக்கு நங்கூரம் விழுந்தாலும் முதல் படகு கிளம்ப அரை மணி நேரமாவது ஆகும். கப்பல் நிறுவனத்திடமே சுற்றுலா வாங்கியவர்கள் முதலில் இறக்கப்படுவது வழக்கம். மற்றவர்கள் சீட்டு எண் அழைக்கப்படும்வரை மேல்தளக் கூடத்தில் காத்திருக்க வேண்டும். உங்கள் கால் தரையில் படும்போது மணி பத்து ஆகியிருக்கலாம். திரும்பும் கடைசிப் படகு பெரும்பாலும் கப்பல் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக இருக்கும், அதாவது நான்கு மணிக்கு. அதற்கும் முன்னரே வரிசையில் நின்றுவிடுவது நல்லது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, ஒன்பது மணி நேரம் ஐந்தரை மணி நேரமாகிவிட்டது. அதில் நான்கு மணி நேரத்துக்கு மேல் மேற்குக் கோடிக்குப் போய்வரும் சாலைக்கே செலவானால், பாறைகளின் முன் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு மணியைப் பார்த்தபடி திரும்புவதுதான் மிச்சம்.

என் யோசனை இது: மேற்குப் பக்கத்தை மனத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்து அங்கே நிதானமாக இருங்கள். அந்த இடம் தென்கரையில் உள்ள சீல் பே. பென்னஷாவிலிருந்து ஒரு மணி நேரம், சற்றுக் கூடுதலாகவும் ஆகலாம். போகவர இரண்டரை மணி நேரம், அங்கே ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும், எதிர்பாராத தாமதத்துக்கும் சாப்பாட்டுக்கும் இன்னும் ஒன்றரை மணி நேரம் கையில் இருக்கும்.

பெயர் சீல் பே என்று இருந்தாலும் அங்கே வாழ்பவை சீல்கள் அல்ல, ஆஸ்திரேலியக் கடல் சிங்கங்கள். வெளியே தெரியும் சிறு காது மடல், துடுப்புக் கால்களை ஊன்றி உடலைத் தூக்கி நடக்கும் நடை ஆகிய இரண்டும் இவற்றை அடையாளம் காட்டும். உலகில் வேறெங்கும் இல்லாமல் ஆஸ்திரேலியாவின் தென்கரையிலும் மேற்குக் கரையிலும் மட்டுமே வாழும் இனம் இது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோலுக்காகவும் எண்ணெய்க்காகவும் வேட்டையாடப்பட்டதால் குறைந்துபோன இவற்றின் எண்ணிக்கை இன்னும் மீளவில்லை. அழியும் அபாயத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் இன்றும் இது இருக்கிறது. அப்படிப்பட்ட விலங்கின் பெரிய கூட்டங்களில் ஒன்று படுத்துறங்கும் மணலில், வழிகாட்டியுடன் நீங்களும் சென்று நிற்கலாம்.

அந்த மணலில் நான் நின்ற அரை மணி நேரத்தில் கண்டதைச் சொல்கிறேன். அலையிலிருந்து ஒரு பெண் கடல் சிங்கம் வெளியே வந்தது. முதுகு வெள்ளிச் சாம்பல், வயிறு பாலாடை நிறம். நான்கடி நடக்கும், தலையை மணலில் போட்டுக்கொள்ளும், மறுபடி நான்கடி. மூன்று நாள் அளவும் கடலில் இரை தேடி, கடலடிவரை மூழ்கி மூழ்கி எழுந்துவிட்டு வருபவை இப்படித்தான் வரும் என்று வழிகாட்டி தணிந்த குரலில் சொன்னார். அது கழுத்தை உயர்த்தி ஒரு குரல் கொடுத்தது, ஆட்டின் கத்தலுக்கும் மாட்டின் அழைப்புக்கும் இடைப்பட்ட குரல். மணல்மேட்டுப் புதருக்குள்ளிருந்து பதில் வந்தது. பழுப்பு நிறக் குட்டி ஒன்று உருண்டு புரண்டு ஓடிவந்தது. தாய் உடனே பால் கொடுத்துவிடவில்லை. மூக்கோடு மூக்கை வைத்து மோந்து பார்த்துத் தன் பிள்ளைதான் என்று உறுதி செய்துகொண்ட பிறகே சாய்ந்து படுத்தது. அதற்குள் எங்கள் குழுவில் இருவர் அடுத்த இடத்துக்குப் போகலாம் என்று கைக்கடிகாரத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

குட்டிகளைப் பார்க்க எந்த மாதம் ஏற்றது என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். இந்த இனத்தின் இனப்பெருக்கச் சுழற்சி ஓராண்டு அல்ல, ஏறத்தாழ 17 அல்லது 18 மாதங்கள். எனவே குட்டி ஈனும் காலம் ஒருமுறை கோடையில் வந்தால் அடுத்த முறை குளிர்காலத்தில் வரும். "இந்த மாதம் போனால் குட்டி உண்டு" என்று நாட்காட்டியில் குறித்துவைக்க வழியில்லை. ஆனால் தாய் அடுத்த குட்டி பிறக்கும் காலம்வரை முந்தைய குட்டிக்குப் பால் கொடுப்பதால், சிறிதோ பெரிதோ ஏதாவதொரு குட்டி ஆண்டு முழுவதும் கண்ணில் படும்.

ரிமார்க்கபிள் ராக்ஸைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால், அது கப்பலில் வந்து பார்க்கும் இடமல்ல. தலைநிலத்தில், அதாவது ஆஸ்திரேலியப் பெருநிலப்பரப்பில், கேப் ஜெர்விஸ் என்ற இடத்திலிருந்து முக்கால் மணி நேரத்தில் பென்னஷா சேரும் வண்டிப்படகு இருக்கிறது. இன்னொரு முறை அடிலெய்டு வழியாக வந்து, தீவில் இரண்டு இரவு தங்கிப் பாருங்கள்.

கேள்வி: கப்பல் நிறுவனம் விற்கும் சுற்றுலாவை வாங்குவதா, வெளியே விசாரித்து வாகனம் ஏற்பாடு செய்துகொள்வதா? விலை வித்தியாசம் அதிகமாக இருக்கிறது.

பொதுவாக நான் கப்பல் சுற்றுலாக்களைப் பரிந்துரைப்பவன் அல்லன். ஊருக்குள்ளேயே கப்பல் நிற்கும் துறைமுகமென்றால் இறங்கி நடந்துவிடுங்கள் என்றே சொல்வேன். கங்காரு தீவு விதிவிலக்கு. படகில் இறங்க வேண்டிய இடம். இறங்கும் ஊரோ சில நூறு பேர் வாழும் சிற்றூர். கைபேசிச் செயலியில் தட்டினால் வந்து நிற்கும் வாடகைக் கார் கிடைக்கும் என்று நம்பி இறங்கக் கூடாது. வாடகைக்கு விடப்படும் கார்களும் எண்ணிக்கையில் குறைவு. ஈராயிரம் பேருடன் கப்பல் வரும் நாளில் அவை பல வாரங்களுக்கு முன்பே முடிந்துபோயிருக்கும்.

கப்பல் சுற்றுலாவில் உங்களுக்கு இரண்டு காப்புகள் இருக்கின்றன. பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். கடல் கொந்தளித்து யாரையும் இறக்க முடியாமல் போனால் கட்டிய பணம் திரும்பிவரும். வெளியே ஏற்பாடு செய்தால் இவ்விரண்டும் உங்கள் பொறுப்பு. எனவே தீவில் உள்ள சுற்றுலாக்காரரிடம் பணம் கட்டுவதற்கு முன், "கப்பல் நங்கூரமிடாமல் போய்விட்டால் முழுப் பணமும் திரும்புமா" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கப்பல் பயணிகளையே நம்பித் தொழில் செய்பவர்கள் பலர் இதற்கு ஒப்புக்கொள்வார்கள், இழுத்தடிப்பவரை விட்டுவிடுங்கள். குழுவில் நால்வர் அல்லது ஐவர் இருந்தால் சிறு வேன் ஒன்றைப் பேசிக்கொள்வது செலவிலும் குறையும், நிற்க விரும்பும் இடத்தில் நிற்கவும் முடியும். இந்த வழிதான் எனக்குப் பிடித்தது. இருவர் மட்டும் என்றால் கப்பல் சுற்றுலாவே மேல்.

காரை நீங்களே ஓட்டுவதாக இருந்தால், ஒப்பந்தத்தில் சரளைச் சாலை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். முக்கியச் சாலைகள் தார்ச்சாலைகளே. கிளைச்சாலைகள் பலவும் சிறு உருண்டைக் கற்கள் பரவியவை. அவற்றில் வேகமாகப் போய்ப் பிரேக்கை அழுத்தினால் வண்டி வழுக்கும். ஊர்களைத் தாண்டினால் கைபேசித் தொடர்பும் பல இடங்களில் கிடைக்காது. வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

இதனுடன் ஒரு கடிகாரச் செய்தியும் உண்டு. இதைப் பலர் கவனிப்பதில்லை. தெற்கு ஆஸ்திரேலியாவின் நேரம் மெல்பர்ன், சிட்னி நேரத்துக்கு அரை மணி பின்தங்கியது. கப்பல் தன் கடிகாரத்தை மாற்றலாம், மாற்றாமல் மெல்பர்ன் நேரத்திலேயே ஓடலாம். உங்கள் கைபேசியோ கரையின் சமிக்ஞை கிடைத்தவுடன் யாரையும் கேட்காமல் உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். கப்பல் மெல்பர்ன் நேரத்தில் இருக்க, நீங்கள் கைபேசியைப் பார்த்து "இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது" என்று நிதானமாகக் காப்பி குடித்துக்கொண்டிருந்தால், கடைசிப் படகு போய்விட்டிருக்கும். முதல் நாள் இரவு அறைக்கு வரும் செய்தித்தாளில் எந்த நேரத்தைப் பின்பற்ற வேண்டும் என்று போட்டிருப்பார்கள். கையில் கட்டும் பழைய கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக்கொண்டு, அதை மட்டும் நம்புங்கள்.

கேள்வி: என் அம்மாவுக்கு 74 வயது. முழங்கால் வலி, கைத்தடியுடன் நடப்பார். படகில் இறங்க முடியுமா? முடிந்தாலும் கடற்கரை மணலில் நடக்க முடியுமா?

படகுக்குச் செல்லும் வழி கப்பலின் கீழ்த்தளத்தில் இருக்கும். கப்பலுக்கும் படகுக்கும் இடையே ஓர் அடி வைக்க வேண்டும். அலை ஏறி இறங்கும்போது அந்த ஓர் அடி சில நொடிகளில் படிக்கட்டு உயரமாகவும் மாறும். இருபுறமும் பணியாளர்கள் முழங்கையைப் பிடித்துக்கொள்வார்கள், "இப்போது" என்று சொல்லும்போது அடியெடுத்து வைக்க வேண்டும். கைத்தடியோடு வருபவர்கள் நல்ல வானிலையில் சிரமமின்றி இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். சக்கர நாற்காலியை விட்டு எழ முடியாதவர்களைப் பல கப்பல்களில் படகில் ஏற்றுவதில்லை. அன்றைய கடலைப் பார்த்து முடிவெடுக்கும் உரிமை கப்பல் அதிகாரிகளுக்கு உண்டு. அவர்களோடு வாதாடிப் பயனில்லை. பயணத்துக்கு முன்பே அம்மாவின் நிலையைக் கப்பல் நிறுவனத்துக்கு எழுதித் தெரிவித்துவிடுங்கள்.

சீல் பேயில் மணலில் இறங்காமலேயே பார்க்க வழி இருக்கிறது. மணல்மேடுகளின் மீது பலகை நடைபாதை அமைத்திருக்கிறார்கள். அதன் முடிவில் கடற்கரையை மேலிருந்து பார்க்கும் மேடை உண்டு. நடைபாதையில் வழிகாட்டி இல்லாமலும் போகலாம். கடல் சிங்கங்கள் கரையில் மட்டும் படுப்பவை அல்ல. மேட்டின் புதர்களுக்குள்ளும், சில சமயம் பலகைக்கு அடியிலும் ஏறிவந்து உறங்கும். கீழே மணலில் இறங்கியவர்களைவிட மேலே நின்றவர்களுக்கு அருகில் காட்சி கிடைத்த நாளும் உண்டு.

வண்டிப் பயணமே வேண்டாம் என்று தோன்றினால் பென்னஷாவிலேயே இருந்துவிடலாம். ஹாக் பே கடற்கரை வெண்மணலும் தெளிந்த நீருமாக நடக்கும் தூரத்தில் இருக்கிறது. 1802 மார்ச்சில் ஆங்கிலேயக் கடலோடி மேத்யூ ஃபிளிண்டர்ஸ் இந்தத் தீவின் வடகரைக்கு வந்தபோது, மாதக்கணக்கில் புதிய இறைச்சி காணாத அவருடைய ஆட்கள் ஒரே நாளில் 31 கங்காருக்களைக் கொன்று பசியாறினார்கள். அந்த நன்றிக்காக அவர் வைத்த பெயரே தீவுக்கு நிலைத்தது. நன்றி செலுத்தும் முறை கங்காருக்களுக்குப் பிடித்திருக்காது என்பது வேறு. அடுத்த ஆண்டு பிரெஞ்சுக் கடலோடி நிக்கோலா போதேன் இங்கே வந்தார். அவருடைய ஆட்கள் 1803 என்ற ஆண்டோடு ஹாக் பேயில் பாறையொன்றில் பொறித்த எழுத்துகளின் நகல், வெண்ணிற மண்டபத்தின் கீழ் அதே இடத்தில் இருக்கிறது. உங்கள் அம்மா அதுவரை மெல்ல நடந்து சென்று உட்கார்ந்து கடலைப் பார்க்கலாம்.

கேள்வி: எங்களுடன் ஒன்பது வயதுப் பையன் வருகிறான். கங்காரு தீவில் இறங்கியவுடன் கங்காருக்கள் துள்ளிக்கொண்டிருக்கும் என்று நம்பியிருக்கிறான். பென்குவின் வேறு வேண்டுமாம். என்ன சொல்லிவைப்பது?

உண்மையைச் சொல்லிவையுங்கள். கங்காருக்கள் அந்தியிலும் விடியலிலும் மேய்பவை. கப்பல் பயணி கரையில் இருப்பதோ அவை உறங்கும் நேரத்தில். கதிரவன் சாய்ந்து அவை புல்வெளிக்கு வரும்போது உங்கள் கப்பல் நங்கூரத்தை எடுத்துக்கொண்டிருக்கும். இங்குள்ள 'லிட்டில் பென்குவின்' என்ற சிற்றினப் பென்குவின்களும் இருட்டிய பிறகே கரையேறுகின்றன. அவற்றின் எண்ணிக்கையும் இத்தீவில் வெகுவாகக் குறைந்துவிட்டது. எனவே பென்குவின் இல்லை என்று இப்போதே பேசி முடித்துவிடுங்கள்.

ஆனால் பகலில் கங்காருவே தெரியாது என்பதில்லை, தேடும் முறை வேறு. துள்ளும் உருவத்தைத் தேடாமல் நிழலைத் தேட வேண்டும். சாலையோரப் புதர்களின் அடியில், மரநிழலில் பழுப்பு நிறக் கட்டை போல ஏதாவது கிடந்தால் உற்றுப் பாருங்கள். ஈயை விரட்டக் காது ஒன்று அசையும். இத்தீவின் கங்காரு, தலைநிலத்து மேற்குச் சாம்பல் கங்காருவின் கிளையினம்; அதைவிடக் குட்டையாகவும், நிறம் அடர்ந்தும், மயிர் நீண்டும் இருக்கும். பையனிடம் வேனின் இடப்பக்கச் சன்னலை ஒப்படைத்து, "காது அசைவதை முதலில் கண்டுபிடிப்பவர் யார்" என்று ஒரு போட்டி வையுங்கள். ஒரு மணி நேரப் பயணம் போவதே தெரியாது.

கங்காருவைவிட அவன் நினைவில் நிற்கக்கூடியது எக்கிட்னா. முட்டையிட்டுப் பாலூட்டும் விலங்கு. உலகில் இந்த வகையில் எஞ்சியிருப்பவை எக்கிட்னா இனங்களும் பிளாட்டிபஸும் மட்டுமே. சாலையோரத்தில் ஒரு முட்பந்து ஆடி அசைந்து போவது தெரிந்தால் வண்டியைப் பாதுகாப்பாக ஓரங்கட்டுங்கள். ஆள் நடமாட்டம் உணர்ந்தால் நகத்தால் மண்ணைப் பறித்து நின்ற இடத்திலேயே அமிழ்ந்து முள்ளை மட்டும் வெளியே காட்டும். உடனே கிளம்பிவிடாமல் பேசாமல் அசையாமல் நின்றால், சில நிமிடங்களில் நீண்ட மூக்கு மெல்ல வெளியே வரும். எறும்பைத் தேடிக்கொண்டு காலருகிலேயே அது நடந்துபோகவும் கூடும். கோடை நண்பகலில் இதைக் காண்பது அரிது, குளிர்ந்த நாட்களில் வாய்ப்பு அதிகம்.

கோலாக்களைப் பற்றியும் கேட்பான். அவை இத்தீவின் பூர்வகுடிகள் அல்ல. தலைநிலத்தில் தோலுக்காக வேட்டையாடப்பட்டு அருகி வந்த காலத்தில், 1920களில், ஒரு காப்பிடமாக இருக்கட்டும் என்று சில கோலாக்களை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். இயற்கை எதிரி இல்லாத இடத்தில் அவை பெருகிப் பெருகி, தாங்கள் தின்னும் யூகலிப்டஸ் மரங்களையே மொட்டையடிக்கத் தொடங்கின. 1990களின் பிற்பகுதியில் அவற்றுக்குக் கருத்தடை அறுவை செய்யும் திட்டத்தையே அரசு தொடங்க வேண்டியதாயிற்று. நீங்கள் போகும் வழியில் அவை உறுதியாகத் தெரியும் என்று சொல்லும் அளவுக்கு இடம் ஏதும் இல்லை. தெரிந்தால் அன்றைய அதிர்ஷ்டம்.

கேள்வி: 2020இல் அந்தத் தீவே எரிந்துபோனது என்று படித்த நினைவு. எஞ்சிய விலங்குகளை வேடிக்கை பார்க்கக் கப்பல் கப்பலாகப் போவது சரிதானா?

எரிந்தது தீவு முழுவதும் அன்று, ஏறத்தாழ பாதி. 2019 டிசம்பரிலும் 2020 ஜனவரியிலும் மூண்ட தீ இரண்டு லட்சம் ஹெக்டேருக்கு மேல் பரவியது, இருவர் உயிரிழந்தார்கள். மேற்குப் பகுதியே பெருமளவு எரிந்தது. ஃபிளிண்டர்ஸ் சேஸ் பூங்காவின் பெரும்பகுதியும் அதன் பார்வையாளர் மையமும் போயின. பென்னஷாவும் கிழக்குப் பகுதியும் தப்பின. எனவே கப்பல் பயணியின் பாதையில் தீயின் சுவடு பெரும்பாலும் கண்ணில் படாது. எரிந்த பகுதியிலும் யூகலிப்டஸ் மரங்கள் கரிந்த அடிமரத்திலிருந்தே கொத்துக் கொத்தாகத் தளிர்விட்டு எழுந்துவிட்டன. சில உயிர்களுக்கு அப்படி எளிதாக முடியவில்லை. பளபளக்கும் கருங்காக்கட்டூ என்ற கிளி இனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சவுக்குக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் காய்களை மட்டுமே அது நம்பி வாழ்கிறது. நூற்றைம்பது அளவுக்குச் சுருங்கிப்போன அதன் எண்ணிக்கையைப் பல ஆண்டு உழைப்பில் இரட்டிப்புக்கும் மேலாக உயர்த்தியிருந்த வேளையில், அதன் உணவு மரங்களில் பெரும்பங்கைத் தீ கொண்டுபோய்விட்டது.

போவது சரியா என்ற கேள்விக்கு என் பதில், எப்படிப் போகிறோம் என்பதைப் பொறுத்தது. சீல் பே ஓர் அரசுப் பாதுகாப்புப் பூங்கா. நுழைவுச்சீட்டு வாங்கித்தான் பார்க்க முடியும். வழிகாட்டி இல்லாமல் மணலில் இறங்க முடியாது. ஒரு குழு கரையில் இருக்கும்போது அது எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு நெருங்கலாம், எப்போது பின்வாங்க வேண்டும் என்பதை அவரே சொல்கிறார். ஆண் கடல் சிங்கம் ஒன்று எழுந்து எங்கள் பக்கம் திரும்பியதும், அவர் கையை மட்டும் உயர்த்தி முழுக் குழுவையும் பத்தடி பின்னுக்கு நகர்த்தினார், ஒருவரும் பேசவில்லை. இந்த ஒழுங்கு இருக்கும்வரை எனக்கு உறுத்தல் இல்லை.

உறுத்துவது பயணிகளிடம் இருக்கும் அவசரம். உறங்கும் விலங்கு கண் திறந்தால் படம் நன்றாக வரும் என்று கைதட்டுபவர்கள் இருக்கிறார்கள். கடலில் நாட்கணக்கில் உழைத்துவிட்டு வந்து எடுக்கும் ஓய்வு அது. அதைக் கலைத்தால், சேர்த்துவைத்த வலிமையை நம்மைக் கவனிப்பதில் அது செலவழிக்கும். கைபேசியின் பிளாஷையும் ஒலியையும் வேனிலேயே அணைத்துவிடுங்கள். சாலையிலும் கவனம் தேவை: தீவில் வண்டியில் அடிபட்டுச் சாகும் வாலபிகளும் (கங்காருவைப் போன்ற சிறிய விலங்குகள்) கங்காருக்களும் ஏராளம். சாலையோரத்தில் கிடக்கும் உடல்களை உங்கள் பையனைப் போன்றோர் பார்த்துக் கேட்பார்கள் என்று முந்தைய கேள்வியை அனுப்பியவருக்கும் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

கேள்வி: எந்த மாதம் நல்லது? கப்பல் நிற்காமலே போய்விடுவதும் உண்டாமே?

உண்டு. தீவுக்கும் தலைநிலத்துக்கும் இடையே உள்ள பேக்ஸ்டேர்ஸ் நீரிணையில் காற்றும் நீரோட்டமும் வலுத்தால் படகு இறக்க மாட்டார்கள். அன்று கடலில் ஒரு நாள் கூடும், அவ்வளவுதான். கப்பல்கள் பெரும்பாலும் வருவது தெற்கின் வசந்தத்திலிருந்து இலையுதிர் காலத்தின் தொடக்கம்வரை. அதற்குள் தேர்வு உங்கள் கையில் இருந்தால் மார்ச் மாதத்தைச் சொல்வேன், வெயில் தணிந்திருக்கும். எந்த மாதமானாலும் காற்றுத் தடுக்கும் மேலாடை ஒன்றும், நாடா கட்டிய தொப்பியும் வேண்டும். சீல் பேக்குத் தெற்கே அண்டார்டிகாவரை நிலம் இல்லை. அங்கிருந்து வரும் காற்று கோடையிலும் சில்லென்றுதான் இருக்கும்.

கேள்வி: நாங்கள் சைவம். கப்பலின் காலை உணவிலிருந்து பழமும் ரொட்டியும் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு இறங்கலாமா? தீவின் தேன் புகழ்பெற்றது என்கிறார்களே, வாங்கலாமா?

பொட்டலம் வேண்டாம். கப்பலிலிருந்து பழம், காய், பால் பொருள், இறைச்சி எதையும் கரைக்குக் கொண்டுவருவதில் ஆஸ்திரேலியாவின் உயிர்ப் பாதுகாப்பு விதிகள் மிகக் கடுமையானவை. துறையில் மோப்ப நாய் நிற்பதும் உண்டு. பையின் அடியில் மறந்துபோன ஓர் ஆப்பிளுக்குக்கூட அபராதம் கட்டியவர்கள் இருக்கிறார்கள். பென்னஷாவில் சிற்றுண்டிக் கடைகள் இருக்கின்றன, சைவமாக ஏதாவது கிடைக்கும். ஆனால் கப்பல் வரும் நாளில் நண்பகலில் வரிசை நீளம். சீல் பேயிலிருந்து திரும்பியபின் சாப்பிடுவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

தேன் விஷயத்தில் விதி இரு பக்கமும் வெட்டும். 1880களில் இத்தாலியின் லிகூரியாப் பகுதியிலிருந்து தேனீக்களைக் கொண்டுவந்து வளர்த்தார்கள். 1885இலேயே சட்டம் போட்டுத் தீவை அவற்றின் காப்பிடமாக அறிவித்தார்கள். அன்றுமுதல் வேறு தேனீ இனம் கலக்காமல் காத்து வருகிறார்கள். அதனால் வெளியிலிருந்து தேன், தேன்மெழுகு, மகரந்தம் எதையும் தீவுக்குள் கொண்டுவரக் கூடாது. உங்கள் கைப்பையில் இருமலுக்கென்று ஒரு சிறு தேன்குப்பி இருந்தால் கப்பல் அறையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். தீவில் வாங்கி வெளியே கொண்டுபோவதற்குத் தடையில்லை. மங்கிய பொன்னிறத்தில் மெல்லிய மணத்தோடு இருக்கும், வாங்கத் தகுந்ததே. ஆனால் அடுத்து இறங்கும் துறைமுகம் எது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். மேற்கு ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் பயணிகள் கொண்டுவரும் தேனை உள்ளே விடுவதில்லை. கப்பல் அந்தப் பக்கம் திரும்புகிறதென்றால் சிறு குப்பியாக ஒன்று வாங்கி, துறைமுகம் வருவதற்குள் காலை ரொட்டியில் தடவித் தீர்த்துவிடுங்கள்.